காஸி: நீருக்கடியில் சத்தம்

2017 பிப்ரவரியில், ‘காஸி’ வெளியான வாரத்தில், திண்டுக்கல்லில் ஒரு தியேட்டரில் அதன் தமிழ் வடிவத்தைப் பார்த்தேன். கடைசிக் கட்டத்தில், சேதமடைந்து கடலுக்கடியில் முடங்கிக் கிடக்கும் இந்திய நீர்மூழ்கியின் சிப்பந்திகள் தேசிய கீதம் பாடுகிறார்கள். பாட்டு ஆரம்பித்ததும் எனக்கு முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். பிறகு பக்கத்து வரிசை எழுந்தது. படத்துக்கு முன்னால் கீதம் ஒலிக்க வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2016 நவம்பர் 30-ல். கதையின் ஒரு பகுதியாகக் கீதம் வந்தால் எழுந்து நிற்கத் தேவையில்லை என்று அதே நீதிமன்றம் விளக்கம் சொன்னது, இந்தப் படம் வெளியாவதற்கு மூன்று நாட்கள் முன்பு, பிப்ரவரி 14-ல். அதைப் பத்திரிகையில் படித்திருந்தேன். ஞாபகமும் இருந்தது. இருந்தும் எழுந்து நின்றேன்.

மரியாதையால் எழுந்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. உட்கார்ந்திருந்தால் பின்னாலிருந்து ஒரு குரல் வரும் என்று பயந்தேன். தைரியத்தைப் பற்றிய ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் பயத்தினால் எழுந்து நின்றவன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனிமேல் நான் சொல்லப்போவதை அதற்குத் தக்கபடி வாசகர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை. கரட்டு மலைகளுக்கு நடுவே வறண்ட சமவெளி. குடத்தை வரிசையில் வைத்துத் தண்ணீருக்குக் காத்திருந்து பழகிய ஊர். கடலை சினிமாவில்தான் அதிகம் பார்த்திருக்கிறோம். தமிழ் சினிமாவில் கடல் என்றால் பெரும்பாலும் கரைதான்: காதலர்கள் ஓட, மீனவன் சாக. கடலுக்குள் ஒரு கப்பல், கப்பலுக்குள் ஓர் அதிகாரம், அந்த அதிகாரத்தின்கீழ் சாகக்கூடிய மனிதர்கள் என்ற விஷயம் நம் திரையில் அபூர்வம். ஆகவே சங்கல்ப் ரெட்டி என்ற புது இயக்குநர் தெலுங்கிலும் இந்தியிலும் ஒரே சமயத்தில் எடுத்து, தமிழிலும் பேசவைத்த இந்தப் படத்தை எதிர்பார்ப்போடுதான் பார்க்கப் போனேன். அதில் பாதி நிறைவேறியது. நிறைவேறாத பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நிறைவேறியதைச் சொல்லவேண்டும். நீர்மூழ்கிக்குள் கண்ணால் அதிகம் ஆகிற காரியம் எதுவுமில்லை. நீருக்கு மேலே பெரிஸ்கோப்பை நீட்டும் சில நிமிஷங்கள் போக, மற்ற நேரமெல்லாம் காதுதான். எதிரி ஒரு ஓசை. நாமும் எதிரிக்கு ஒரு ஓசை. ஸ்பானர் ஒன்று கீழே விழுந்தால் அத்தனை பேரும் சாகலாம். ஆகவே அங்கே தைரியம் என்பது அசையாமல் இருப்பது, இருமலை அடக்குவது, பக்கத்தில் நிற்பவனின் பயத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பது. இந்த உண்மை படத்தின் முற்பாதியில் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. மதியின் காமிரா குறுகலான அந்தக் குழாய்க்குள் நகர இடமில்லாமல் முகங்களோடு நெருங்கிக் கிடக்கிறது. என்ஜினை நிறுத்திவிட்டு எதிரியின் ஓசைக்குக் காதைக் கொடுத்து நிற்கும் கட்டங்களில், ஆழத்தின் அழுத்தத்தில் இரும்புச் சுவர் முனகுவதை எல்லோரும் அண்ணாந்து கேட்கிறார்கள். வீரன் என்றால் வசனம் பேசுகிறவன் என்றே பழக்கப்பட்ட நமக்கு, வாய் திறக்காத முப்பது முகங்களை ஒருசேரப் பார்ப்பது ஒரு புது அனுபவம். தியேட்டரில் அப்போது பாப்கார்ன் கொறிக்கும் சத்தம்கூட நின்றுபோயிற்று. எங்கள் ஊர் தியேட்டரில் இது சாமானிய விஷயமில்லை.

ஆனால் இந்த மௌனத்தைப் படம் நம்பவில்லை. ஆரம்பத்திலேயே ஒரு நட்சத்திரத்தின் குரல் வந்து சரித்திரம் சொல்கிறது. தமிழில் சூர்யா, தெலுங்கில் சிரஞ்சீவி, இந்தியில் அமிதாப் பச்சன். பிறகு பின்னணி இசை நம் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகிறது: இங்கே பயப்படு, இங்கே பெருமைப்படு என்று. சத்தம் போட்டால் செத்துவிடுவோம் என்ற நிலையில் இருக்கும் மனிதர்களைச் சுற்றி இத்தனை வயலின்கள்.

படத்தில் தலைமைப் பிரச்சினை இப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. காப்டன் ரண்விஜய் சிங் (கே.கே. மேனன்) ஆணைக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாதவர். அவரைக் கட்டுப்படுத்துவதற்கென்றே அனுப்பப்படும் அர்ஜுன் வர்மா (ராணா டக்குபாட்டி) விதிமுறைப்படி நடப்பவர். இருவருக்கும் நடுவே தேவராஜ் (அதுல் குல்கர்னி), காப்டனுக்கு விசுவாசமான இரண்டாம் அதிகாரி. நல்ல அமைப்பு. தலைவனுடைய ஆணையை எதுவரை ஏற்பது, எங்கே மறுப்பது என்ற கேள்வியை ஒரு நீர்மூழ்கியின் அளவு குறுகிய இடத்தில் வைத்தால், நாடகம் தானாகவே பிறக்கும். மேனன் அந்தக் காப்டனைச் செய்திருக்கும் விதத்தில் ஒரு கசப்பும் ஒரு சிரிப்பும் சேர்ந்திருக்கின்றன. கண் இமைக்காமல் கட்டளையிடும்போது இவன் நம்மைக் காப்பாற்றுவானா, காவு கொடுப்பானா என்று சிப்பந்திகளைப் போல நமக்கும் தெரிவதில்லை. சிறிது நேரத்துக்காவது படம் நம்மை அந்த நிலையில் வைத்திருக்கிறது.

அங்கேயே நின்றிருக்கலாம். காப்டனின் ஆவேசத்துக்குக் காரணம் உடனே சொல்லப்பட்டுவிடுகிறது: மேலிடத்து ஆணைக்காகக் காத்திருந்ததில் மகனைப் பறிகொடுத்தவர் அவர். நம் சினிமாவின் தீராத வியாதி இது. பெண்டு பிள்ளை இழப்பு என்று சொந்தத்தில் ஒரு புண் இல்லாவிட்டால் ஒருவன் பொதுக்காரியத்தில் தைரியம் காட்டுவான் என்று நம் கதாசிரியர்கள் நம்புவதே கிடையாது. புண்ணைக் காட்டியதும் கேள்வி செத்துப்போகிறது. அவர் சொல்வது சரியா தவறா என்று யோசிக்கவேண்டிய நாம், ஐயோ பாவம் என்று சொல்லி நகர்கிறோம். பிறகு கண்ணிவெடி வெடிக்கிறது. அர்ஜுனைக் காப்பாற்றி காப்டன் உயிர்விடுகிறார். அர்ஜுன் அவருடைய தொப்பியோடு அவருடைய கோபத்தையும் வாங்கிக்கொள்கிறான். விதிமுறைக்காரன் வீரனாகிவிட்டான். அதாவது, விதிமுறைப்படி இருந்தவரை அவன் வீரனில்லை. ஆணையை மீறுவது தைரியம், சாவது தலைமை: படத்தின் சமன்பாடு இவ்வளவுதான்.

இனி நடந்ததைப் பார்ப்போம். அந்த நீர்மூழ்கிச் சண்டை படக்காரர்களின் கற்பனை. கற்பனை செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. நான் கேட்பது, உண்மையில் நடந்ததில் எதை அவர்கள் வேண்டாமென்று ஒதுக்கினார்கள் என்பதுதான்.

பாகிஸ்தானின் ‘காஸி’, அமெரிக்கா இரண்டாம் உலகப் போரின்போது ‘டயப்ளோ’ என்ற பெயரில் கட்டிய நீர்மூழ்கி. 1960-களில் பாகிஸ்தானுக்கு வந்தது. 1971 நவம்பர் 14-ல் கராச்சியிலிருந்து புறப்பட்டது. அதன் இலக்கு இந்தியாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலான ‘விக்ராந்த்’. விக்ராந்தோ கொதிகலன் விரிசல் கண்டு முழு வேகத்தில் ஓட முடியாத நிலையில் இருந்தது. கிழக்குக் கடற்படைக்கு அப்போது தலைவர் வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். அவர் செய்தது என்ன? விக்ராந்தை அந்தமான் பக்கம் அனுப்பி ஒளித்துவைத்தார். ‘ராஜ்புத்’ என்ற பழைய டிஸ்ட்ராயரை விக்ராந்தைப்போல நடிக்கவைத்தார். விக்ராந்தின் பெயரில் அது ஓயாமல் வயர்லெஸ் செய்திகளை அனுப்பியது. விசாகப்பட்டினத்தில் உளவாளிகள் இருப்பார்கள் என்று தெரிந்தே, ஒரு பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவுக்கு ரேஷனும் இறைச்சியும் கொள்முதல் செய்ய ஏற்பாடு செய்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, விக்ராந்தில் இருக்கும் ஒரு மாலுமி உடம்பு சரியில்லாத தன் தாயாரைப் பற்றி விசாரிப்பதுபோல, யாரும் படிக்கக்கூடிய சாதாரண மொழியில் ஒரு தந்தி. பாதுகாப்பு விதியை ஒரு சிப்பந்தி மீறிவிட்டான் என்று எதிரி நினைக்கவேண்டும். இவற்றையெல்லாம் கிருஷ்ணன் பின்னால் தம் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

இல்லாத தாய்க்கு ஒரு பொய்த் தந்தி. ஒரு கதாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? தாயை வைத்து எத்தனை கண்ணீர்க் காட்சிகள் எடுத்த சினிமா நம்முடையது! தாய்ப்பாசத்தையே போர்த்தந்திரமாக்கிய இந்த ஒரு தந்திக்கு நம் படத்தில் இடமில்லை.

காஸி 1971 டிசம்பர் 3-4 நள்ளிரவில் விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு வெளியே 93 பேருடன் மூழ்கியது. ராஜ்புத் வீசிய ஆழ்நீர்க் குண்டுகளால் என்பது இந்தியத் தரப்பு. தான் விதைத்த கண்ணிவெடியாலோ உள்ளே நிகழ்ந்த வெடிப்பாலோ என்பது பாகிஸ்தான் தரப்பு. இதைப் பற்றிய நம் கடற்படை ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று 2010-ல் பத்திரிகைகள் எழுதின. ஆக, எதிரி செத்தது நிச்சயம், யார் கையால் என்பதில் வழக்கு. இப்படி ஒரு நிலையில் தலைவன் என்ன உணர்ந்திருப்பான்? தன் தந்திரம் பலித்ததா, தற்செயலா என்று தெரியாத வெற்றியை எப்படிச் சுமப்பான்? இந்தக் கேள்வி படத்தை எடுத்தவர்களுக்கு வரவில்லை. வழக்கில்லாத வெற்றி ஒன்றை அவர்களே தயாரித்துக்கொண்டார்கள்.

எங்கள் மலைக்கோட்டைக்குப் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை அழைத்து வருகின்றன. 1755-ல் ஹைதர் அலி வந்து அதிகாரம் செலுத்திய கோட்டை. பிள்ளைகள் நேரே பீரங்கியிடம் ஓடுகிறார்கள். அதன்மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். மருந்தும் தானியமும் வைத்திருந்த கிடங்குகளை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பீரங்கியைச் சுட ஒரு நிமிஷம் போதும். அதுவரை கோட்டையில் இருந்தவர்கள் உயிரோடு இருந்தது கிடங்குக் கணக்கு எழுதியவனால். நம் சரித்திரப் படங்கள் எல்லாமே பீரங்கிமேல் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படங்கள்தாம்.

இத்தனைக்கும் தந்திரத்தை மதிக்கத் தெரியாத ஜனங்களல்ல நாம். நம் பாஷையிலேயே சாட்சி இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ‘எம்டன்’ என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று, நூற்று முப்பது குண்டுகள்போலச் சுட்டு, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போயிற்று. அதன் காப்டன் கார்ல் ஃபான் முல்லர். அடுத்த மாதம், அக்டோபர் 28-ல், பினாங்கில் அது நுழைந்தபோது அதற்கு நான்கு புகைபோக்கிகள் இருந்தன. நான்காவது பொய்; பிரிட்டிஷ் கப்பலைப்போலத் தெரிய வேண்டுமென்று கட்டிவைத்த வேஷம். துறைமுகத்துக்குள் போய் ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்துவிட்டு வெளியேறியது. நவம்பர் 9-ல் கொக்கோஸ் தீவுகளருகே அதன் கதை முடிந்தது. ஆனால் நம் பேச்சில் முடியவில்லை. ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் எங்கள் வீடுகளில் சொல்கிறார்கள். சாமர்த்தியசாலி, எதற்கும் துணிந்தவன், ஏமாற்றக்கூடியவன், ஆனால் லேசாக வெறுத்துவிட முடியாதவன்: இவ்வளவும் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. நம்மைச் சுட்டவனின் பெயரை எடுத்து ஒரு குணத்துக்கு வைத்துக்கொண்ட ஜனங்களின் மனம் எவ்வளவு விசாலமானது என்று யோசித்துப் பாருங்கள். பொய்ப் புகைபோக்கியும் பொய் விக்ராந்தும் ஒரே ஜாதி. கிருஷ்ணன் ஒரு எம்டன். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்குப் புரிந்திருக்கும் இந்த வீரம், பல கோடி செலவழித்துப் படம் எடுப்பவர்களுக்குப் புரியவில்லை.

இங்கு ஒரு ஆட்சேபம் எழலாம். படத்தில் தேசிய கீதம் பாடுவதே ஒரு தந்திரம்தானே? ஆம். திரும்ப முடியாமல் கிடக்கும் நீர்மூழ்கி, எதிரியைச் சினமூட்டித் தன் டார்பிடோவுக்கு நேரே இழுப்பதற்காகப் பாட்டைத் தூண்டிலாகப் போடுகிறது. மௌனமே உயிர் என்றிருந்த இடத்தில், வேண்டுமென்றே சத்தம். யோசனை என்ற அளவில் இது எம்டனுக்கு நிகரானது. படத்தின் மிகச் சிறந்த தருணமாக ஆகியிருக்கக்கூடியது. தூண்டில்காரனின் முகம் எப்படி இருக்கும்? கண் தக்கைமேல் இருக்கும். காது நீரின்மேல் இருக்கும். பாடுகிறவர்கள் பாடிக்கொண்டே எதிரியின் ஓசை திரும்புகிறதா என்று கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். நாவில் பக்தி, காதில் கணக்கு. அந்த இரட்டை நிலையைக் காமிரா காட்டியிருந்தால் நான் இந்தப் படத்தை ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டேன். காமிரா ஈரமான கண்களையும் விறைத்த கைகளையும் காட்டுகிறது. இசை பெருகுகிறது. பாடுகிறவர்கள் எதிரியை மறந்துவிட்டார்கள். அவர்கள் நம்மைப் பார்த்துப் பாடுகிறார்கள். கதையில் அந்தத் தூண்டில் எதிரிக்காகப் போட்டது. தியேட்டரில் அதில் மாட்டிய மீன் நான். எழுந்து நின்றேன்.

கலை நம்மைச் சிக்கவைப்பதில் தவறில்லை. சிக்கவைத்து எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதே கேள்வி. ஊல்ஃப்காங் பீட்டர்ஸன் 1981-ல் எடுத்த ‘தாஸ் பூட்’ படத்தை ஃபிலிம் சொசைட்டிகளில் நம்மில் சிலர் பார்த்திருக்கலாம். ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று ஜிப்ரால்டரில் அடிபட்டு 280 மீட்டர் ஆழத்தில் தரைதட்டிக் கிடக்கிறது. மணிக்கணக்கில் தலைவன் செய்வதற்கு அதிகம் இல்லை. என்ஜின்காரர்கள் இடுப்பளவு நீரில் நின்று பழுது பார்க்கிறார்கள். அவன் காத்திருக்கிறான், காத்திருக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதே அப்போது அவன் தொழில். ஒரு தடவை பயத்தில் நிலை தடுமாறிய மெக்கானிக், பிறகு அதே கைகளால் ஓட்டையை அடைக்கிறான். கோழை, வீரன் என்ற இரண்டு பெயர்களும் ஒரே ஆளுக்குப் பொருந்துகின்றன. அந்த மனிதர்கள் சேவை செய்தது ஓர் அக்கிரமமான அரசுக்கு என்பதையும் படம் மறைக்கவில்லை. தோற்ற தேசத்தின் படம் அது. வெற்றி கையில் இல்லாததால், தைரியத்தைத் தனியாக எடுத்துவைத்துப் பார்க்க அவர்களுக்கு முடிந்தது.

தோல்வியைப் பார்க்க நமக்குத் தெம்பு இல்லையா? தமிழில் ஒரு தடவை முயன்று பார்த்தார்கள். 1961-ல் பி.ஆர். பந்துலு ‘கப்பலோட்டிய தமிழன்’ எடுத்தார். தலைவன் பங்குப் பணம் திரட்டுகிறான், கப்பல் வாங்குகிறான், எல்லாவற்றையும் இழக்கிறான். சிறையிலிருந்து வெளியே வரும்போது வரவேற்க ஊர் இல்லை, தொழுநோய் கண்ட நண்பன் சிவா நிற்கிறான். சிவாஜி கணேசன் நடித்தும் அந்தப் படம் பணம் சம்பாதிக்கவில்லை. அதன் நாடகத்தனத்தை நான் மறந்துவிடவில்லை. இருந்தும் அந்தச் சிறைவாசல் காட்சியில் தலைமைக்குப் பின்னால் என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வி இருக்கிறது. ஐம்பத்தாறு வருஷத்துக்குப் பின் வந்த ‘காஸி’யில் அது இல்லை.

அதே 1971 போரில், காஸி மூழ்கிய ஐந்து நாட்களுக்குப் பிறகு, டிசம்பர் 9-ல் ‘குக்ரி’ என்ற நம் போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் ‘ஹங்கோர்’ நீர்மூழ்கி டியூவுக்கு அப்பால் தாக்கியது. சில நிமிஷங்களில் கப்பல் போயிற்று. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். காப்டன் மகேந்திரநாத் முல்லா தம் உயிர்காப்புச் சட்டையை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டு, கப்பலோடு போனார். அவருக்கு மஹாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. ஒரு நீர்மூழ்கி பதுங்கியிருக்கிறது என்று தெரிந்தே தேடிப்போன கப்பல், புது சோனார் கருவியைப் பரீட்சிப்பதற்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு சென்றது, அதுவே எதிரிக்கு வசதியாயிற்று என்றும் பின்னால் பேசப்பட்டது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். சட்டையைக் கழற்றிக் கொடுத்த அந்தக் கணம் மகத்தானது. அந்தக் கணம் வந்து சேர்ந்த வழியைப் பற்றிக் கேள்வி உண்டு. கேள்வி கேட்பது அவருடைய மரணத்தைச் சிறுமைப்படுத்துவதாகாது. மகத்துவமும் பிழையும் ஒரே மேல்தளத்தில் நிற்க முடியும் என்று ஏற்றுக்கொண்டால்தான் தலைமையைப் பற்றி நாம் பேசவே ஆரம்பிக்கிறோம். கையில் குக்ரி இருக்க, பிழையே இல்லாத ஒரு கற்பனைக் கப்பலைக் கட்டியவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். தியேட்டரில் நான் பயந்த அதே குரலுக்குத்தான்.

அந்தக் குரலை நான் முதலில் கேட்டது தியேட்டரில் அல்ல. அதற்கு மூன்று மாதம் முன்பு, வேலை செய்யும் இடத்தில். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. நான் வங்கிக் கவுண்ட்டரில் இருப்பவன். மாற்றிக் கொடுக்கும் வரம்பு முதலில் 4000. நவம்பர் 14 முதல் 4500. 18 முதல் 2000. 24-ஓடு மாற்றித் தருவதே நின்றது. வரிசையில் யாராவது முணுமுணுத்தால் பின்னாலிருந்து ஒருவர் சொல்வார்: எல்லையில் ராணுவத்துக்காரன் நிற்கிறான், உனக்கு இங்கே நிற்க முடியாதா? முணுமுணுத்தவர் வாயை மூடிக்கொள்வார். ராணுவத்துக்காரனைக் கொண்டு வந்து வரிசையில் நிற்கும் கிழவர்களை மிரட்டிய குரல் அது.

25-ம் தேதி காலை வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். சுருக்குப் பையில் பதினெட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். கணக்கு கிடையாது. நேற்றோடு முடிந்துவிட்டது பாட்டி, இனிக் கணக்கில்தான் போட முடியும் என்றேன். நான் சொன்னது சரி. சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்த எங்கள் மேலாளர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, ‘ஆத்தா, இப்படி வந்து உக்காருங்க’ என்று அழைத்துப் போய், படிவத்தைத் தாமே நிரப்பி, ஆதார் நகல் எடுத்துவரப் பையனை அனுப்பி, கைநாட்டு வாங்கி, அன்றே ஒரு கணக்கைத் திறந்து பணத்தைப் போட்டுக்கொடுத்தார். மறுநாள் வராந்தாவில் ஒரு மேஜை போடச் சொன்னார். அந்த வருஷம் டிசம்பர் 30 வரை, பழைய நோட்டைக் கணக்கில் கட்ட அவகாசம் இருந்தவரை, சாயங்காலங்களில் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். யாரையும் அதற்காகக் கூப்பிடவில்லை. மூன்றாவது நாள் நாங்களாகவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

அவர் எந்த ஆணையையும் மீறவில்லை. என்னைவிட ஓர் ஆணையை அதிகம் படித்திருந்தார், அவ்வளவுதான். அவரை வீரனாக்கும் உத்தேசம் எனக்கில்லை. லீவு கேட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்பவர்; நான் எழுதுவதைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் பி.ஏ. வகுப்பில் எனக்குப் புரியாமல்போன ஒரு பாத்திரம் அந்த வராந்தாவில் புரிந்தது. கான்ராட் 1902-ல் வெளியிட்ட ‘டைஃபூன்’ கதையில் காப்டன் மக்விர் கற்பனையே இல்லாத மனிதர். புயலைத் தாண்டிய பிறகு, கப்பலில் வந்த சீனக் கூலிகளின் வெள்ளி நாணயங்கள் ஒன்றோடொன்று கலந்துபோய்விட்டன. யாருடையது எது என்று தெரியாத நிலையில் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுகிறார்; மிஞ்சிய மூன்று நாணயங்களை அதிகம் அடிபட்ட மூன்று பேருக்குக் கொடுக்கிறார். புயலைத் தாண்டியது பெரிசா, இந்தக் கணக்கு பெரிசா என்று ஆசிரியர் கேட்டபோது, வகுப்பில் எல்லோரும் புயல் என்றோம். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போனார்.

ஆணைக்குப் பணிவது கோழைத்தனம், மீறுவது வீரம் என்று ‘காஸி’ சொல்வதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். பணிந்தவன் நானும், பணிந்தவர் அவரும். எங்களுக்கிடையே இருந்த தூரம் பணிவால் வந்ததில்லை. எதிரே நிற்கும் ஆள் கண்ணில் படுகிறாரா என்பதால் வந்தது. கிருஷ்ணனின் பொய்த் தந்தியிலும் ரேஷன் பட்டியலிலும் இந்தக் கண் இருக்கிறது. விக்ராந்தில் இருந்த நூற்றுக்கணக்கானவர்களின் உயிர் ஒரு கணக்குப் பிழையில் போய்விடும் என்று அறிந்த கண் அது. படத்தின் முற்பாதியில், மூச்சை அடக்கிப் பக்கத்து ஆளைப் பார்த்துக்கொண்டு நின்ற முகங்களிலும் அது இருந்தது. பாட்டு ஆரம்பித்ததும் போய்விட்டது. எல்லோரும் ஒரே திசையில் பார்க்கும்போது பக்கத்து ஆள் தெரிவதில்லை.

படத்துக்கு முன்னால் கீதம் ஒலிப்பது கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரி 9-ல் சொல்லிவிட்டது. ‘காஸி’க்குச் சிறந்த தெலுங்குப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. இந்தக் கட்டுரைக்காக அதை வீட்டில், இரவில், தனியாக மறுபடி பார்த்தேன். பாட்டு வந்தபோது உட்கார்ந்தே இருந்தேன். அறையில் வேறு யாருமில்லை. அதைத் தைரியம் என்று கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது.